ஏழு நாளுக்குள் புதுக்கடைக்கு

உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் படிப்பிப்பவர்களுக்கு இலகுவான பாடம் என்றால் அது வரையறுக்கப்பட்ட அரசாங்கம்தான். அரசாங்கம் நினைத்ததையெல்லாம் செய்துவிட முடியாது. அரசியலமைப்பு அதற்கு எல்லை போட்டிருக்கிறது. எல்லை மீறினால் நீதிமன்றம் கேட்கும். பிள்ளைகள் இதைக் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் புள்ளியும் கிடைக்கும். திருகோணமலையில் இதைப் படிப்பிப்பதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. என் ரியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் சிலர் உட்துறைமுக வீதியால் வருகிறவர்கள். கிழக்கு மாகாண சபைக் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழைகிறார்கள்.

"டீச்சர், மாகாண சபை எண்டு ஒண்டு இரிக்கா, இல்லையா?" என்று கிண்ணியாவிலிருந்து வரும் பிள்ளை கேட்டாள். குறும்புக்குக் கேட்கவில்லை. அந்தச் சபைக்கு எங்கள் ஆட்கள் கடைசியாக வாக்குப் போட்டது 2012 செப்டெம்பரில். அதன் ஆயுள் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதியோடு முடிந்தது. அப்போது அவள் ஆரம்பப் பிரிவில் இருந்திருப்பாள். 37 உறுப்பினர்கள் இருந்து கதைத்த இடத்தில் இப்போது இருப்பது ஆளுநர் ஒருவர்; அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. கந்தோர்கள் திறக்கின்றன, வாகனங்கள் வந்து போகின்றன, இடமாற்றக் கடிதங்கள் நேரத்துக்கு வருகின்றன. வெளியில் நின்று பார்க்கிற பிள்ளைக்குச் சபை இருக்கிற மாதிரித்தான் தெரியும்.

சபையை யாரும் ஒழிக்கவும் இல்லை. இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, மாகாண சபைகளை உண்டாக்க 1987 நவம்பரில் வந்த 13ஆம் திருத்தம் அரசியலமைப்பில் அப்படியே கிடக்கிறது. ஒழிப்பதென்றால் மூன்றிலிரண்டு பெரும்பான்மை வேண்டும், ஊர் உலகம் பார்த்துக்கொண்டிருக்கும், டில்லியிலிருந்து ஆள் வரும். அந்தச் சோலி ஒன்றுமில்லாமல் ஒரு சபை எப்படிக் காணாமல் போகும் என்று சொல்லிக்கொடுக்க, 2017 செப்டெம்பரில் அடுத்தடுத்து வந்த மூன்று நாட்களைக் கரும்பலகையில் எழுதினேன். 19, 20, 21.

அந்த வருடம் மைத்திரி-ரணில் நல்லாட்சி அரசாங்கம் 20ஆம் திருத்தம் என்று ஒரு சட்டமூலம் கொண்டுவந்தது. (2020இல் வந்த 20ஆம் திருத்தம் வேறு, குழம்ப வேண்டாம். பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் குழம்புவார்கள்.) எல்லா மாகாண சபைகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் என்பது அதன் வெளித்தோற்றம். உள்ளே இருந்தது, ஆயுள் முடியப்போகும் கிழக்கு, வடமத்திய, சப்ரகமுவ சபைகளின் தேர்தலைத் தள்ளிப்போடுவது. எங்கள் கிழக்கு மாகாண சபையே அதற்குக் கை உயர்த்தியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பதவி நீளுகிறதென்றால் யாருக்குக் கசக்கும்? வழக்குகள் போடப்பட்டன. மக்களின் வாக்குரிமையை இப்படித் தள்ளிப்போடுவது அவர்களின் இறைமையில் கை வைப்பது, மூன்றிலிரண்டு மட்டும் போதாது, சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 19ஆம் திகதி சபாநாயகர் அதைப் பாராளுமன்றத்தில் அறிவித்தார்.

பாடப்புத்தகப்படி கதை இங்கே முடிய வேண்டும். எல்லை இருந்தது, நீதிமன்றம் காவல் காத்தது, அரசாங்கம் நின்றது.

அடுத்த நாள், 20ஆம் திகதி, வேறொரு சட்டமூலம் விவாதத்துக்கு வந்தது. மாகாண சபைத் தேர்தல் வேட்புமனுக்களில் பெண்களுக்கு 30 வீதம் ஒதுக்குவதற்கான சிறிய சட்டமூலம். அதை எதிர்த்து யார் நீதிமன்றம் போவார்கள்? போனாலும் வெட்கக்கேடு. அந்தச் சட்டமூலத்துக்குள் குழுநிலையில், அதாவது விவாதத்துக்குப் பிறகு வாசகங்களைத் திருத்தும் கட்டத்தில் வைத்து, முழுத் தேர்தல் முறையையே மாற்றும் திருத்தங்கள் கொண்டுவரப்பட்டன. விகிதாசார முறை போய்த் தொகுதியும் விகிதாசாரமும் கலந்த புதிய முறை வந்தது. அதற்குத் தொகுதிகளைப் புதிதாகப் பிரிக்க வேண்டும். பிரித்து முடியும்வரை தேர்தல் இல்லை. நேற்றைக்கு வாசலால் வரமுடியாது என்று சொல்லப்பட்டது, இன்றைக்குக் கோடிப்பக்கத்தால் உள்ளே வந்துவிட்டது. மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு நிறைவேறியது. எங்கள் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் ஆதரவாகத்தான் வாக்களித்தது. 21ஆம் திகதி, அதிகாரப் பகிர்வைப் பற்றிய பெரிய வாக்குறுதிகளோடு புதிய அரசியலமைப்புக்கான இடைக்கால அறிக்கை வெளியிடப்பட்டது. இருக்கிற சபைக்குத் தேர்தல் இல்லாமல் செய்த அடுத்த நாள்.

புதிய தொகுதிகளைப் பிரித்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக ஒருவரும் இல்லை, எதிராக 139 பேர். அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை சட்டத்திலிருந்து அழிக்கப்பட்டாயிற்று, புதிய முறைக்குத் தொகுதிகள் இல்லை. தேர்தலை நடத்தாதீர்கள் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நடத்த ஒரு சட்டம் இல்லை, அவ்வளவுதான்.

"அப்ப அந்தச் சட்டத்தை எதிர்த்துக் கோட்டுக்குப் போகலாம்தானே மிஸ்?" இதைக் கேட்டவன் மூதூர்ப் பெடியன்.

போக முடியாது. வரையறுக்கப்பட்ட அரசாங்கம் என்ற பாடத்தில் பலர் ஓடித் தாண்டிப் போகும் இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். 1978 அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரை, மூன்றாம் பந்தி: ஒரு சட்டமூலத்தில் சபாநாயகர் சான்றுரை எழுதிக் கையெழுத்து வைத்து அது சட்டமாகிவிட்டால், பிறகு எந்த நீதிமன்றமும் எந்தக் காரணத்துக்காகவும் அதன் வலிதுடைமையைக் கேள்வி கேட்க முடியாது. அரசியலமைப்புக்கு முரணாக இருந்தாலும் சரி. எதிர்க்க வேண்டுமென்றால் சட்டமூலமாக இருக்கும்போதே எதிர்க்க வேண்டும். 2017இல் அதற்கு இருந்த அவகாசம், பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் அது ஏறிய நாளிலிருந்து ஏழு நாள். கேட்கக்கூடிய நீதிமன்றம் நாட்டில் ஒன்றே ஒன்று, கொழும்பில், புதுக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றம்.

ஏழு நாள் என்பதைத் திருகோணமலையில் இருந்து எண்ணிப் பாருங்கள். சட்டமூலம் ஏறியது என்று பத்திரிகையில் வாசிக்க ஒரு நாள். வர்த்தமானியைத் தேடி எடுத்து, அதை வாசித்து விளங்கக்கூடிய ஒரு சட்டத்தரணியைப் பிடிக்க இன்னும் இரண்டு நாள். அவர் கொழும்பில் ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியோடு கதைக்க வேண்டும். இடையில் ஒரு சனி, ஞாயிறு. பிறகு இரவு ரயில். இத்தனைக்கும் 2017இல் நடந்ததற்கு இந்த ஏழு நாள்கூட இருக்கவில்லை. குழுநிலையில் புகுத்தப்படும் திருத்தம் வர்த்தமானியில் வராது. நீதிமன்றம் பார்த்தது ஒரு சட்டமூலம், சபாநாயகர் கையெழுத்து வைப்பது இன்னொன்று.

அந்த ஏழு நாளையும் சுருக்கிய வரலாறு உண்டு. முன்பு அவசர சட்டமூலம் என்று அமைச்சரவை சொல்லிவிட்டால் பிரசைகளுக்கு அந்த அவகாசமும் இருக்கவில்லை; நீதிமன்றம் ஒரு நாளில் இருந்து மூன்று நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் எத்தனை தடவையும் ஜனாதிபதியாகலாம் என்ற 18ஆம் திருத்தம் 2010 செப்டெம்பரில் வந்தது அப்படித்தான்.

இந்தியத் தொலைக்காட்சி பார்க்கிற பிள்ளைகளுக்கு இது நம்பக் கஷ்டம். அங்கே 2015இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, அது நடைமுறைக்கு வந்து பல வருடங்களுக்குப் பிறகு, உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. ஆட்களைப் பிடித்து அடைத்த பிறகுதான் ஒரு சட்டத்தின் பிழை தெரியவரும். எங்கள் முறையில் ஒருவரும் அடிபடுவதற்கு முன்பே, கடதாசியில் வாசித்து, என்ன பிழை வரும் என்று ஊகித்துச் சொல்ல வேண்டும்.

இலங்கையில் எப்போதும் இப்படி இருந்ததும் இல்லை. இதை நான் புத்தகத்தில் படிக்க முன்பே வீட்டில் கேட்டேன். அப்பா அரச எழுதுவினைஞர். 1956 அரச கரும மொழிச் சட்டத்துக்குப் பிறகு, சிங்களப் பரீட்சை எழுதிச் சித்தியடையாவிட்டால் சம்பள ஏற்றம் இல்லை என்ற சுற்றறிக்கை வந்த காலத்து ஆள். அவர் எழுதினார். வீட்டில் பிள்ளைகள் நாங்கள் வரிசையாக இருந்தோம், வேறு என்ன செய்வது. "கோடீஸ்வரன் எழுதேல்ல. வழக்குப் போட்டவர்" என்று மட்டும் அடிக்கடி சொல்லுவார், ஏதோ கிரிக்கெட் வீரரின் பெயரைச் சொல்வதுபோல.

கோடீஸ்வரன் கேகாலைக் கச்சேரியில் வேலை பார்த்தவர். 1962இல் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டதும் முடிக்கு, அதாவது அரசுக்கு, எதிராக வழக்குப் போட்டார். அப்போது நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு இல்லாத இடைஞ்சலை இன்னொரு சமூகத்துக்கு மட்டும் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கக்கூடாது, ஆக்கினால் அது செல்லாது என்றது. 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரண். உயர் நீதிமன்றம் 1967இல், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிமேல் வழக்குப் போடவே முடியாது என்று கதையை வேறு பக்கம் திருப்பியது. அப்போது எங்களுக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த கோமறைக் கழகம் (Privy Council) 1969இல் அது பிழை என்றது. ஆனால் மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற பெரிய கேள்வியைத் தான் தொடாமல், உயர் நீதிமன்றமே தீர்க்கட்டும் என்று திருப்பி அனுப்பியது. அது தீர்க்கப்படவே இல்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு நிறுத்தப்பட்டது. 1972 மே 22இல் குடியரசு யாப்பு வந்தது, 29ஆம் பிரிவு போயிற்று, ஆக்கப்பட்ட சட்டத்தைச் சோதிக்கும் நீதிமன்ற அதிகாரமும் அதோடு போயிற்று.

29ஆம் பிரிவைப் பெரிய அரண் என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தால் மலையக மக்கள் நாடற்றவர்களான நேரம் அந்தப் பிரிவு இருந்ததுதான். 1953இல் கோடக்கன் பிள்ளை வழக்கில் அதே கோமறைக் கழகம், சட்டத்தின் எழுத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை என்று கையைக் கழுவியது. ஆனாலும் சட்டம் வந்து வருடங்கள் கழித்து, அதனால் சம்பளம் இழந்த ஒரு மனிதர் தன் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றம் போக அன்றைக்கு வழி இருந்தது. இன்றைக்கு அப்பாவுக்கும் இல்லை, கோடீஸ்வரனுக்கும் இல்லை.

பிறகு, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த சம்பந்தன் ஐயாவின் வழக்குக்கு வந்தோம். எங்கள் ஊர்க்காரர் என்பதால் மட்டும் இல்லை, பாடத்திட்டத்துக்கே அது அவசியம். 2018 ஒக்டோபர் 26 இரவு ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமரை மாற்றினார். பெரும்பான்மை சேராது என்று தெரிந்ததும் நவம்பர் 9இல் பாராளுமன்றத்தைக் கலைத்தார். முதல் கூட்டத்திலிருந்து நாலரை வருடம் போகுமுன் கலைக்க முடியாது, மூன்றிலிரண்டு உறுப்பினர்கள் கேட்டாலொழிய, என்று 70ஆம் உறுப்புரை சொல்லியிருந்தது. ஜனாதிபதி தரப்பு 33ஆம் உறுப்புரையைக் காட்டியது: கலைக்கும் அதிகாரம் உண்டு என்று அங்கே பொதுவாக ஒரு வரி இருக்கிறதே, அதற்கு நிபந்தனை எதுவும் இல்லையே. சட்டமா அதிபருக்கு எதிராகப் போடப்பட்ட மனுக்களில் முதலாவதின் தலைப்பில் இருந்த பெயர் இராஜவரோதயம் சம்பந்தன். 2018 டிசம்பர் 13, ஏழு நீதியரசர்கள், ஒரே முடிவு: பொதுவான வரியை நிபந்தனையோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும், கலைத்தது செல்லாது. கட்டற்ற அதிகாரம் என்று ஒன்று இந்த யாப்பில் ஜனாதிபதிக்குக் கிடையாது.

அந்த நேரம் ஊரில் பலர், "அது அவையின்ர சண்டை, எங்களுக்கென்ன?" என்றார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிந்தது. 1977இல் திருகோணமலையிலிருந்து பாராளுமன்றம் போனவர் அவர். 1983இல் 6ஆம் திருத்தத்தின் சத்தியப் பிரமாணத்தை எடுக்காமல் ஆசனத்தை இழந்தவர். அந்தத் திருத்தத்தை நிறைவேற்றிய பாராளுமன்றமே, 1982இல் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு வைத்துத் தன் ஆயுளை ஆறு வருடம் நீட்டிக்கொண்ட பாராளுமன்றம். மூன்றிலிரண்டு கையில் இருந்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்று தன் ஆசனத்தைக் கொடுத்துப் படித்த மனிதர், 85 வயதில் அதே யாப்பைக் கையில் எடுத்து ஒரு ஜனாதிபதியை நிறுத்தினார்.

அவர் போட்ட வழக்கு, ஒரு ஜனாதிபதி செய்ததை எதிர்த்து என்பதைப் பிள்ளைகள் கீழே கோடிட வேண்டும் என்று சொன்னேன். 2015இல் வந்த 19ஆம் திருத்தம்தான் ஜனாதிபதியின் உத்தியோகபூர்வச் செயலுக்கு எதிராக அடிப்படை உரிமை மனு போட வழி திறந்தது. அதே அநியாயத்தை ஜனாதிபதி தனியாகச் செய்யாமல் பாராளுமன்றம் சட்டமாகச் செய்திருந்தால்? தீர்ப்பு வந்து இரண்டு வருடம் முடியுமுன், 2020 ஒக்டோபரில், அந்த மற்ற 20ஆம் திருத்தத்தால், 156 வாக்குகளோடு அந்த நாலரை வருடம் இரண்டரை வருடமாக்கப்பட்டது. ஏழு நீதியரசர்கள் காவல் காத்த கோடு அது. (அடுத்து வந்த ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ 2020 மார்ச் 2இல், நாலரை வருடம் நிறைந்த கையோடு, நாள் பார்த்துப் பழைய பாராளுமன்றத்தைக் கலைத்ததும் அதே கோட்டுக்குப் பயந்துதான். தீர்ப்பு வேலை செய்தது, கொஞ்ச நாளைக்கு.)

2012இல், வாழ்வாதார அபிவிருத்திக்கென்று கொண்டுவந்த திவிநெகும சட்டமூலம் மாகாண சபைகளின் அதிகாரத்துக்குள் வருகிறது, அவற்றிடம் கேட்காமல் நிறைவேற்ற முடியாது என்றும் உயர் நீதிமன்றம் சொன்னது. 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க பதவியிலிருந்து அகற்றப்பட்டார். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் ஒன்றும் கேட்கமாட்டார்கள், அவர்களுக்கே விளங்கும்.

வகுப்பு இரண்டுபட்டது இதற்குப் பிறகுதான். கிண்ணியாப் பிள்ளை கேட்டாள்: "அப்ப வடக்கு கிழக்கைப் பிரிச்ச தீர்ப்பும் சரிதானே டீச்சர்?"

வடக்கு கிழக்கு இணைப்பு தமிழர்களின் கோரிக்கை; கிண்ணியாவோ முஸ்லிம் ஊர். உவர்மலையில் வீடு வைத்திருக்கும் ஒரு தமிழ் ரீச்சரிடம் கேட்கக்கூடாத கேள்வி. கேட்டே ஆக வேண்டிய கேள்வியும் அதுதான். ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டு மோதல் நின்றால்தான் இரு மாகாணங்களை இணைக்கலாம் என்றது 1987 மாகாண சபைச் சட்டம். அது நடக்கவில்லை. 1988 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன அவசரகால ஒழுங்குவிதியால் அந்த நிபந்தனையைத் தளர்த்திவிட்டு இணைப்பைப் பிரகடனம் செய்தார். கிழக்கு மக்களிடம் வைக்க வேண்டிய வாக்கெடுப்பையும் வருடா வருடம் ஜனாதிபதிகள் தள்ளிப்போட்டார்கள். 2006 ஒக்டோபர் 16இல் உயர் நீதிமன்றம், பாராளுமன்றம் போட்ட நிபந்தனையை ஜனாதிபதி இப்படி மாற்ற முடியாது, இணைப்பு செல்லாது என்றது. வடகிழக்கு மாகாணத்தின் தலைநகராக இருந்த திருகோணமலை 2007 ஜனவரியில் கிழக்கின் தலைநகர் மட்டும் ஆனது.

எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை, இன்றைக்கும். அதன் காலமும் பிடிக்கவில்லை, போர் மூண்டுகொண்டிருந்த நேரம். ஆனால் 2018இல் சம்பந்தன் ஐயா வென்ற தர்க்கத்துக்கும் இதற்கும் இடையில் நூலிழை வித்தியாசத்தைக்கூட என்னால் அந்தப் பிள்ளைக்குக் காட்ட முடியவில்லை. ஜனாதிபதிக்குச் சட்டம் தராத அதிகாரத்தை ஜனாதிபதி எடுக்கக்கூடாது என்றால், எங்களுக்குப் பிடித்ததைச் செய்யவும் எடுக்கக்கூடாது. "சரி" என்றேன். பின்வரிசையில் இருந்த உப்புவெளிப் பெடியன் பேனையை மேசையில் போட்டான்.

அதற்குள் இன்னொரு விஷயம் இருப்பதை மூதூர்ப் பெடியன்தான் பிடித்தான். 1988 பிரகடனத்தை 18 வருடம் கழித்து நீதிமன்றம் செல்லாதென்று சொல்ல முடிந்ததே, 2017 சட்டத்தை ஏன் ஒரு மாதம் கழித்துக்கூடச் சொல்ல முடியவில்லை? பிரகடனம் ஜனாதிபதியுடையது, அதில் சபாநாயகரின் சான்றுரை இல்லை. இணைப்பைப் பாராளுமன்றம் ஒரு சட்டமாகச் செய்திருந்தால் வடகிழக்கு இன்றைக்கும் ஒன்றாக இருந்திருக்கும். அதே 80ஆம் உறுப்புரை அப்போது எங்களுக்குக் காவலாக நின்றிருக்கும், கிண்ணியாப் பிள்ளைக்குத்தான் போக இடம் இருந்திருக்காது. இதைச் சொன்னதும் உப்புவெளிப் பெடியன் பேனையைத் திரும்ப எடுத்தான்.

வீட்டு வேலையாக ஒரு கேள்வி கொடுத்தேன்: 80ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தியை நீக்க வேண்டுமா? 2006 தீர்ப்பையும் 2017 சட்டத்தையும் இரண்டையும் எடுத்து எழுதவும். உங்களுக்கு வசதியான ஒன்றை மட்டும் எடுத்து எழுதினால் புள்ளி இல்லை. சனிக்கிழமைக்குள் தரவேண்டும்.